பங்கு கேட்காத பங்காளி: வடசென்னைப் படகுகளில் நான்கு நாள்

முதல் நாள்: இராயபுரமும் காசிமேடும்

மே மாத வெயிலில் இந்தப் பயணத்தை வைத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் காசிமேட்டுத் துறைமுகத்தில் விசைப்படகுகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். பலகை மாற்றுவதும் வர்ணம் பூசுவதும் எஞ்சினைப் பிரித்துப் போடுவதுமாக வேலை நடக்கும். மற்ற பத்து மாதமும் பேச நேரமில்லாதவர்கள் வலைக்குவியலின் மேல் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவார்கள். நான் தேடி வந்தது அந்தப் பேச்சைத்தான். புயலையும் சுறாவையும் பற்றிய கதைகளைக் கேட்கவும் எழுதவும் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். இழுத்தும் கிளம்பாத மோட்டார், அவிழாத முடிச்சு, கைநழுவித் தண்ணீரில் விழும் ஸ்பானர், உப்புநீர் புகுந்த சோற்றுத் தூக்கு என்று ஒரு சிறு படகில் அன்றாடம் படும் எரிச்சல்களைப் பற்றிக் கடலோடிகள் தங்களுக்குள் சொல்லிச் சிரிக்கும் கதைகளை எழுதி வைத்தவர்கள் குறைவு. அவை அந்தத் தொழிலின் பாதி வாழ்க்கை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே கேட்டதைக் கேட்டபடி நாள்தோறும் இங்கே எழுதுகிறேன்.

இராயபுரத்தில் வசிக்கும் என் பெரியப்பா சரக்குக் கப்பல்களில் வேலை செய்து உலகைச் சுற்றியவர். காலையில் அவர் என்னை முதலில் அழைத்துச் சென்றது புனித இராயப்பர் ஆலயத்துக்கு. சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்பு கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்க, ஆணியே அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த மசூலாப் படகுகள்தாம் அலைகளைத் தாண்டி ஆட்களையும் மூட்டைகளையும் கரை சேர்த்தன. அலை மோதும்போது தைத்த படகு நெளிந்து கொடுக்கும். ஆனால் தையல் வழியே நீர் கசிந்துகொண்டே இருக்கும், ஒருவர் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் படகோட்டிக் குடிகள் 1820களில் எழுப்பிய ஆலயம் இது. பேதுருவுக்குத் தமிழில் இராயப்பர் என்று பெயர். இராயபுரம் என்ற ஊர்ப்பெயரையும் அவரோடு சேர்த்தே சொல்வார்கள். அவரும் மீனவர்தாம். இரவு முழுவதும் பாடுபட்டும் வலையில் ஒன்றும் அகப்படவில்லை என்று அவர் இயேசுவிடம் சொன்னதாக நற்செய்தியில் வருகிறது. அதனால், வெறும் வலையோடு திரும்பும் படகைப் பார்த்து யாராவது கேலி பேச வாயெடுத்தால், “இராயப்பருக்கே அன்னைக்கு ஒண்ணும் மாட்டல” என்று உடனே பதில் வந்துவிடும் என்றார் பெரியப்பா. பதில் சொல்பவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும் இந்த விஷயத்தில் இராயப்பர்தான் சாட்சி.

பிற்பகலில் படகுத்துறையில் பெரியப்பாவின் பழைய நண்பர் ஒருவரைச் சந்தித்தோம். அவருடையது தடைக்காலக் கட்டுப்பாட்டுக்குள் வராத சிறிய ஃபைபர் படகு. முப்பது அடிக்குச் சற்றுக் குறைவான நீளம். மூத்த மகன், இளைய மகன், மருமகன் என்று அவரோடு சேர்த்து நான்கு பேர் கடலுக்குப் போகிறார்கள். எல்லாரும் அவரை நைனா என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். மறுநாள் என்னை ஏற்றிக்கொள்வதற்கு நைனா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: படகில் எது கெட்டாலும், எது தொலைந்தாலும், யார் செய்தது என்று கேட்கக் கூடாது, அது ஐந்தாவது ஆளின் வேலை.

அந்த ஐந்தாவது ஆள் யார் என்பதை மூத்த மகன் விளக்கினார். மீன் விற்ற பணத்தில் எண்ணெய்ச் செலவையும் ஐஸ் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் கழித்த பிறகு, மிச்சத்தைப் பங்கு வைப்பது வழக்கம். ஆளுக்குப் பங்கு உண்டு. படகுக்குப் பங்கு உண்டு. மோட்டாருக்கும் வலைக்கும்கூடப் பங்கு உண்டு. இவர்கள் படகில் கண்ணுக்குத் தெரியாமல் ஒருவர் நெடுங்காலமாக வேலை செய்துகொண்டிருக்கிறார். அவருக்கு மட்டும் யாரும் பங்கு வைத்ததில்லை. வாய்விட்டுக் கேட்க அவருக்குக் கூச்சம். கேட்காத பங்கு மனத்தில் வன்மமாகச் சேர்ந்துவிடுகிறது. முடிச்சை இறுக்குகிறார், தீப்பெட்டியை நனைக்கிறார், சோற்றில் உப்புநீரைத் தெளிக்கிறார். அவருக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் பங்காளி. நிலத்தகராறில் நிற்கும் பங்காளியையும் படகில் பங்கு பெறும் பங்காளியையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் தமிழுக்கு நான் மனத்துக்குள் வணக்கம் சொன்னேன்.

இரண்டாம் நாள்: கடலில்

விடியற்காலை மூன்றரை மணிக்குத் துறையில் இருந்தோம். இந்த மோட்டார்கள் பெட்ரோலில் கிளம்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறுகிறவை; கயிற்றை இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். மருமகன் நான்கு முறை இழுத்தார், ஐந்தாவது முறையும் இழுத்தார், அது இருமிவிட்டு அடங்கியது. அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்களே, அந்த இருட்டில் பக்கத்துப் படகுகள் ஒவ்வொன்றாக வெளியேறிக்கொண்டிருந்தபோது அதன் பொருளை நேரில் கண்டேன்.

யாரும் மருமகனைக் குறை சொல்லவில்லை. நைனா அமைதியாக விசாரணையைத் தொடங்கினார்: நேற்று மாலை தேநீர்க் கடையில் மோட்டாரைப் புகழ்ந்தது யார்? மோட்டார் நன்றாக ஓடுகிறது என்று கரையில் வைத்துச் சொல்லக் கூடாது. பங்காளி கேட்டுவிட்டால் மறுநாளே அதற்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார். இதற்குப் பரிகாரமும் அவர்களிடம் இருக்கிறது. இளைய மகன் பிளக்கைக் கழற்றித் துணியால் துடைத்துக்கொண்டே, எதிர்ப்படகின் மோட்டாரை உரத்த குரலில் புகழ ஆரம்பித்தார்: அது எவ்வளவு சாது, எவ்வளவு குறைவாகக் குடிக்கிறது, முதல் இழுப்பிலேயே எப்படிக் கிளம்புகிறது. நம் மோட்டாருக்குப் பங்காளிக் காய்ச்சல் வர வேண்டும் என்பது கணக்கு. பாராட்டு முடிந்து பிளக்கைத் திரும்ப மாட்டி இழுத்ததும் மோட்டார் கிளம்பியது.

எரியாத எண்ணெயில் நனைந்த பிளக் உலர்வதற்குச் சில நிமிடங்கள் வேண்டும். அதுவரை இழுக்க இழுக்க அது மேலும் நனையும். பொறுமையில்லாத ஒருவரைச் சும்மா இரு என்று சொல்லி நிறுத்துவது கடினம். பக்கத்துப் படகைப் புகழ்ந்து முடிக்கும்வரை கையைக் கட்டிப்போடுவது எளிது. இந்தக் கதையை உண்டாக்கியவர் நல்ல மெக்கானிக்காக இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வெளியே வந்ததும் கரைக்காற்று முதுகில் பட்டது. நங்கூரமிட்டுக் காத்திருந்த சரக்குக் கப்பல்களின் விளக்குகளைக் கடந்து, மேற்கே நகரத்தின் ஒளி ஒரு கோடாகத் தெரியும் தூரத்தில் கவளை மீன் பிடிக்கும் வலையை விட்டோம். வலை விடுவதற்கு முன்னால் இன்னொரு வழக்கைக் கண்டேன். முந்தின நாள் ஒழுங்காகச் சுருட்டி வைத்த இரண்டு கயிறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. இரண்டு கயிறுகளை இரவில் ஒரே இடத்தில் வைத்தால் அவை கல்யாணம் செய்துகொள்ளும் என்றும், பங்காளிதான் தாலி எடுத்துக் கொடுப்பார் என்றும், விடிந்த பிறகு பிரிப்பது பாவம் என்பதால் அவை அவ்வளவு அழுகின்றன என்றும் மூத்த மகன் சொன்னார். ஆகவே அந்தப் படகில் ஒரு கயிறு அணியம் என்னும் முன்புறத்திலும் மற்றது பின்புறத்திலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். வலப்புறமாக முறுக்கிய கயிற்றை வலஞ்சுழியாகவே சுருட்ட வேண்டும் என்ற பாடமும் இதே கதையின் வாலாக வருகிறது: மணப்பெண் மணவறையைச் சுற்றி வருகிற திசையில் சுருட்டினால் கயிறு கோபித்துக்கொள்ளாது.

சிறு படகுக்கே உரிய எரிச்சல் ஒன்று உண்டு. வேண்டிய பொருள் எப்போதும் யாராவது உட்கார்ந்திருக்கும் பலகைக்குக் கீழேதான் இருக்கும். கத்தி வேண்டும் என்றால் நைனா எழுந்திருக்க வேண்டும். குடிநீர் வேண்டும் என்றால் மருமகன் எழுந்திருக்க வேண்டும். நைனா எழுந்து நகர்ந்தால் படகு சாயும், அதனால் இன்னொருவர் எதிர்ப்பக்கம் நகர வேண்டும், அவர் போய் உட்காரும் இடம் அடுத்த பொருளின் இடமாக இருக்கும். ஒரு தீப்பெட்டிக்காக நான்கு பேரும் சதுரங்கக் காய்களைப் போல இடம் மாறியதைக் கண்டேன். இதற்கு மட்டும் பங்காளியைக் குறை சொல்வதில்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. கேட்டதற்கு, அவருக்கும் உட்கார இடம் இல்லை, பாவம், என்றார் இளைய மகன்.

வலையை இழுக்கத் தொடங்கியபோது கிழக்கு வெளுத்திருந்தது. கவளை ஓரளவு விழுந்திருந்தது. அதனோடு பேத்தை மீன்களும் வந்திருந்தன. பேத்தையின் பற்கள் கிளியலகைப் போல ஒன்றாகச் சேர்ந்து கூர்மையாக இருக்கும்; வலைக்கண்ணைக் கத்தரிக்கோல் போல வெட்டிவிடும். நஞ்சுள்ள மீனாகையால் வாங்குவாரும் இல்லை. தண்ணீரை விட்டு எடுத்ததும் வயிற்றை ஊதிக்கொண்டு உருண்டையாகிவிடும். நைனாவின் தலைமுறை அதை வட்டிக்காரர் என்று அழைக்கிறது. கூப்பிடாமல் வருவார், இருப்பதை அறுப்பார், பிடித்து நிறுத்தினால் வயிற்றைத் தடவிக்கொண்டு தானே நஷ்டப்பட்டவர் போல உப்பிக்கொள்வார். மூத்த மகன் ஒவ்வொரு பேத்தையையும் கடலில் விடும்போது “அடுத்த மாசம் தரேன் அண்ணே” என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். அந்த மரியாதைக்குப் பின்னால் கரையில் பட்ட கடனின் அனுபவம் இருந்தது. நால்வரும் சிரித்த சிரிப்பு அதனால்தான் அவ்வளவு உண்மையாக இருந்தது.

பத்து மணி அளவில் நீர் இறைக்கும் டப்பா காணாமற்போயிற்று. பழைய எண்ணெய்க் கேனைச் சாய்வாக வெட்டிச் செய்தது. விலை என்று பார்த்தால் ஒன்றுமில்லை, ஆனால் படகில் அது இல்லாத ஐந்து நிமிடத்தில் கணுக்கால்வரை நீர் நின்றது. கடைசியாக அதைக் கையில் வைத்திருந்தவர் இளைய மகன். மற்ற மூவரும் அவரைப் பார்த்தார்கள் என்பதை நான் கவனித்தேன். பிறகு நைனா கடலைப் பார்த்து, “பட்டினத்தார் கணக்குல எழுதிடு” என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது; சோற்றுத் தூக்கின் மூடியால் நீரை இறைத்தார்கள்.

அந்த ஒரு நொடிதான் இந்தப் பயணத்தில் எனக்கு மிக முக்கியமானதாகப் படுகிறது. தப்பு யாருடையது என்பது எல்லாருக்கும் தெரியும். அதை வாய்விட்டுச் சொன்னால், கோபித்துக்கொண்டு எழுந்து போவதற்கு முப்பது அடிப் படகில் இடமில்லை. சொன்னவரும் கேட்டவரும் அன்று மாலை ஒரே வலையை இழுக்க வேண்டும், மறுநாள் மூன்றரை மணிக்கு மறுபடி ஒரே பலகையில் உட்கார வேண்டும். இதில் ஒருவர் மாமனார், ஒருவர் மருமகன். ஆகவே பழியைச் சுமக்க இன்னொருவர் தேவைப்படுகிறார். அவருக்குப் பெயரும் குணமும் குறையும் கொடுத்து, கதையும் கட்டி, அந்தக் கதையைக் கேட்டு எல்லாரும் சிரித்துவிட்டால் அன்றைய கடல் நல்லபடியாக முடிகிறது.

நண்பகலுக்குமேல் கடற்காற்று எழுந்ததும் கரைக்குத் திரும்பினோம்.

மூன்றாம் நாள்: திருவொற்றியூர்

பட்டினத்தார் கணக்கு என்றால் என்ன என்று கேட்டதற்கு, திருவொற்றியூருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று நைனா சொல்லியிருந்தார். பட்டினத்தார் அடங்கிய இடம் அங்கே கடலோரத்தில்தான் இருக்கிறது. கப்பல் வாணிகத்தில் பெரும் பொருள் சேர்த்தவர் அவர்; வளர்ப்பு மகன் விட்டுச் சென்ற பெட்டியில் காதில்லாத ஓர் ஊசியைக் கண்டு, கடைசிப் பயணத்தில் அதுவும் கூட வராது என்று உணர்ந்து எல்லாவற்றையும் துறந்தார் என்பது கதை. காசிமேட்டில் வலை பின்னுகிறவர்கள் இதைத் தங்கள் தொழிலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வலை ஊசி கைநழுவிக் கடலில் விழுந்தால் அது பட்டினத்தாருக்குப் போய்ச் சேர்கிறது. அவரிடம் இருப்பது காதற்ற ஊசி, ஆகவே தைக்க நல்ல ஊசி அவருக்குத் தேவை. ஊசியில் தொடங்கிய கணக்கு இப்போது ஸ்பானர், கத்தி, செருப்பு, கைப்பேசி என்று நீண்டிருக்கிறது. எல்லாவற்றையும் துறந்தவரின் பெயரில் இவ்வளவு பெரிய பற்று எழுதி வைத்திருப்பதில் உள்ள நகைச்சுவையை அந்த அமைதியான இடத்தில் உட்கார்ந்து யோசித்தபோது, இதை முதலில் சொன்ன வலைக்காரர் பட்டினத்தாரை நன்றாகப் புரிந்துகொண்டவர் என்று பட்டது.

இரவு பெரியப்பாவிடம் பங்காளியைப் பற்றிச் சொன்னேன். அவர் சற்று நேரம் சிரித்துவிட்டு, அவன் உலகம் முழுக்க இருக்கிறான் என்றார். வட ஜெர்மனியின் கடலோரத்திலும் பால்டிக் கடலிலும் அவனுக்குக் கிளபாட்டர்மான் என்று பெயர். மாலுமி உடை அணிந்து, வாயில் புகைக்குழாயும் கையில் பலகை இடுக்கை அடைக்கும் சுத்தியலுமாகக் கப்பலுக்குள் வாழும் குள்ள உருவம் அது. 1820களிலேயே ஜெர்மன் கவிஞர் ஹைனே அதைப் பற்றி எழுதியிருக்கிறார். நல்ல மாலுமிகள் இருந்தால் இரவில் பழுது பார்த்துக் கொடுக்கும். சோம்பேறிகளைக் கண்டால் குறும்பு செய்யும். காரணம் தெரியாமல் கப்பலில் எங்காவது தட்டும் சத்தம் கேட்டால் அதன் வேலை என்பார்கள். ஆனால் அதைக் கண்ணால் கண்டுவிட்டால் அந்தக் கப்பல் கரை சேராது என்ற அச்சமும் அவர்களிடம் இருந்தது. நம் பங்காளியை யாரும் கண்டதும் இல்லை, அவருக்கு யாரும் அஞ்சுவதும் இல்லை. பங்கு கொடுக்காத குற்ற உணர்வு மட்டும் இருக்கிறது. இந்த வேறுபாடு எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை ஒளிக்க மாட்டேன்.

பெரியப்பா அன்று விடவில்லை. மேலைநாட்டு மாலுமிகள் கப்பலில் சீட்டியடிக்க விடமாட்டார்கள், சீட்டி புயலை அழைக்கும் என்பார்கள். அதே ஆட்கள் காற்றே இல்லாமல் பாய் தொங்கும் நாளில் மெல்லச் சீட்டியடித்துக் காற்றைக் கெஞ்சியதும் உண்டு. மேலைநாட்டுத் தூண்டில்காரர்கள் பலர் படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் கிடைக்காது என்று அதைக் கரையிலேயே விட்டுவிடுவார்கள். காசிமேட்டில் வாழைப்பழத்தில் ஊதுவத்தி செருகாமல் புதுப் படகைத் தண்ணீரில் இறக்குவார்களா என்று பெரியப்பா கேட்டார். கப்பலுக்குப் புதிதாக வந்த பையனை அலைக்கழிக்கும் வேடிக்கையைப் பற்றியும் சொன்னார். எந்தக் கப்பலிலும் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்க விளக்கு பச்சை. பையனைக் கூப்பிட்டு, இடப்பக்க விளக்குக்குச் சிவப்பு எண்ணெயும் வலப்பக்க விளக்குக்குப் பச்சை எண்ணெயும் வாங்கி வா என்று அனுப்புவார்கள். அவன் கப்பல் முழுவதும் கேட்டுக்கொண்டே அலைவான். அப்படி ஒருவன் எங்கும் எண்ணெய் கிடைக்காமல் திரும்பி வந்து, “இருந்ததையெல்லாம் போன பையன் வாங்கிட்டுப் போயிட்டானாம்” என்று முகம் மாறாமல் சொன்னானாம். அன்றிலிருந்து அவனை யாரும் எதற்கும் அனுப்பவில்லை.

நான்காம் நாள்: எண்ணூர்

நெட்டுக்குப்பத்து உறவினரிடம் இரவல் கொடுத்திருந்த நண்டு வலையை வாங்கி வர நைனாவின் படகு எண்ணூருக்குப் போயிற்று. நானும் உடன் சென்றேன். திருவொற்றியூரைக் கடந்து வடக்கே போகப் போக அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தை நெருங்கியதும் மோட்டார் முக்கி நின்றது. தூக்கிப் பார்த்தால் புரொப்பெல்லரில் சிமெண்டுச் சாக்கின் நைலான் நார் சுற்றியிருந்தது. மருமகன் தண்ணீரில் இறங்கி அறுத்தார். பங்காளிக்குத் துணிமணி வாங்கிக் கொடுக்காததால் அவர் சாக்கு உடுத்திக்கொள்கிறார் என்று இளைய மகன் சொல்ல, அடுத்த பொங்கலுக்கு அவருக்கும் ஒரு வேட்டி எடுத்துவிட வேண்டியதுதான் என்று நைனா தீர்ப்பளித்தார்.

நெட்டுக்குப்பத்தில் மீன் குழம்போடு சோறு போட்டார்கள். அங்கே 2023 டிசம்பர் வெள்ளத்தில் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதைப் பற்றிய பேச்சு வந்தது. படகுகளிலும் வலைகளிலும் அது படிந்ததை, நண்டுகள் கறுத்துப் போனதை ஒவ்வொருவரும் சொன்னார்கள். எதற்கும் ஒரு வேடிக்கைக் கதை வைத்திருக்கும் நைனா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பங்காளியின் தலையில் போட அங்கே யாருக்கும் மனம் வரவில்லை. போடாதது சரி என்றே நானும் நினைக்கிறேன்.

மாலையில் காசிமேட்டுக்குத் திரும்பி நண்டு வலையை இறக்கும்போது, அணியத்துக்குள் சுருட்டி வைத்திருந்த கயிற்றின் நடுவிலிருந்து நீர் இறைக்கும் டப்பா உருண்டு வெளியே வந்தது. இளைய மகனின் முகம் மலர்ந்தது. பட்டினத்தார் கணக்கில் எழுதியதை இப்போது அடிக்க வேண்டுமா என்று நான் கேட்டேன். நைனா டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; அது இரண்டு நாளும் கயிற்றுக்குள்தான் இருந்தது என்பது அவருக்கும் தெரியும்.

“துறந்தவரு, வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டாரு” என்றார். பிறகு அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி, கையிலிருந்த கறையைக் கழுவத் தொடங்கினார்.